இறக்கைக்குள் ஒரு கித்தாப் பை: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் எண்ணெய் டேங்க் பற்றியவை. போன இதழில் பழைய விமானம் வாங்குவதைப் பற்றி எழுதும்போது "எல்லாரும் எஞ்சினைத்தான் திறந்து பார்க்கிறார்கள், டேங்க் மூடியை யாரும் திறப்பதில்லை" என்று ஒரு வரி போட்டிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டார்கள். நல்லதுதான். சுபாங் ஹேங்கர்களில் முப்பது வருஷம் ஸ்பேனர் பிடித்தவனுக்கு இதைவிடப் பிடித்த பேச்சு வேறு இல்லை.

கேள்வி: ஐயா, நாங்கள் நான்கு பேர் கூட்டாக ஒரு செஸ்னா 182 விமானம் வைத்திருக்கிறோம். 1970களில் செய்தது, சுபாங்கில் நிற்கிறது. கொஞ்ச நாளாக இடது இறக்கைக்கு அடியில் நீலக் கறை. கதவைத் திறந்தால் எண்ணெய் வாடை. எஞ்சினியர் பார்த்துவிட்டு உள்ளே இருக்கும் ரப்பர் டேங்குக்கு வயதாகிவிட்டது, இரண்டு பக்கமும் மாற்றுங்கள் என்கிறார். எங்களில் ஒருவருக்கு டயர் கடை இருக்கிறது. ட்யூப்புக்குப் போடுவது மாதிரி ஓர் ஒட்டுப் போட்டால் போதும் என்று அவர் சொல்கிறார். இன்னொருவர், கசியாத வலது பக்கத்துக்கு ஏன் செலவு என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? — பங்குக்காரர்களில் ஒருவர், பெட்டாலிங் ஜெயா

பதில்: எஞ்சினியர் பேச்சைக் கேளுங்கள் தம்பி. ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கசிவது பைதானா? (அந்த ரப்பர் டேங்க் என்பது இறக்கைக்குள் மாட்டிய ஒரு பைதான்.)

நீலக் கறை என்றால் எண்ணெய்தான், அதில் சந்தேகமில்லை. சின்ன விமானங்களுக்கு ஊற்றும் 100 லோ லெட் (ஈயம் குறைத்த விமானப் பெட்ரோல்) எண்ணெயில் நீலச் சாயம் கலந்துதான் வரும், எண்ணெய் ஆவியாகிப் போனாலும் சாயம் பெயின்ட் மேல் தங்கிவிடும், வெள்ளைச் சட்டைப் பையில் பேனா ஒழுகியது மாதிரி. ஆனால் கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைக்காதீர்கள். ஒழுகுகிற கூரையில் தண்ணீர் ஓர் இடத்தில் புகுந்து சட்டம் வழியாக ஓடி வேறோர் இடத்தில் சொட்டுமே, இறக்கைக்குள்ளும் அதே கதைதான். டேங்கை வழிய வழிய நிரப்பினால் மட்டும் கசிகிறது, முக்கால் டேங்கில் காய்ந்து கிடக்கிறது என்றால் பையின் மேல்பக்கம் பாருங்கள், எண்ணெய் ஊற்றும் கழுத்தோ மேல் தகட்டின் கேஸ்கெட்டோ காரணமாக இருக்கும். எவ்வளவு குறைந்தாலும் கசிகிறது என்றால் கீழே, குழாய் மாட்டும் இடத்தில் கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். வாடை உள்ளே வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 182இல் இறக்கையிலிருந்து வரும் எண்ணெய்க் குழாய்கள் கதவுத் தூண் வழியாக இறங்கித்தான் எந்த டேங்கிலிருந்து எடுப்பது என்று மாற்றுவதற்காகத் தரையில் இருக்கும் வால்வுக்குப் போகின்றன, அந்த இணைப்புகளில் ஒன்று வியர்த்தாலும் உள்ளே மூச்சு முட்டும். ஐம்பது காசு வாஷருக்காக டேங்கைக் கழற்றியவர்களை எனக்குத் தெரியும். எதுவாக இருந்தாலும் கண்டுபிடிக்கும்வரை பறக்க வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, கலைந்து போகாமல் தாழ்ந்த இடத்தில் படுத்துக் கிடக்கும், ஒரு சுவிட்ச் பொறி போதும்.

சரி, பைதான் என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது டயர் கடைக்காரரிடம் வருகிறேன்.

நம் தாத்தா பாட்டிகள் கித்தா மரம் வெட்டியவர்கள், கித்தாவைப் பற்றி நமக்கு யார் பாடம் எடுப்பது என்று ஒரு நினைப்பு நமக்கு. ஆனால் மரத்துப் பாலில் செய்த ரப்பருக்கும் பெட்ரோலுக்கும் ஆகவே ஆகாது. சந்தேகம் இருந்தால் காய்கறிக் கட்டில் வரும் ரப்பர் பேண்டை ஒரு பழைய ஜாம் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி ஒரு ராத்திரி போட்டு வையுங்கள் (அடுப்பங்கரையில் வேண்டாம், வீட்டுக்கு வெளியே). மறுநாள் எடுத்தால் உப்பிப் போய், நீண்டு, தொட்டால் அறுகிற பதத்தில் இருக்கும். டேங்குக்குள் இருப்பது அந்த ரப்பர் இல்லை. நைலான் துணியில் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரைப் பூசிச் செய்தது. ஆஸ்பத்திரியில் நீலக் கையுறை போடுகிறார்களே, நம் நாட்டிலேயே மலை மலையாகச் செய்து கப்பலேற்றுகிறோமே, அந்த நைட்ரைல் குடும்பம்தான். சில பைகள் யூரித்தேனில் வரும். இவற்றுக்கு ஒட்டுப் போடவே முடியாது என்று சொல்ல மாட்டேன். அனுமதி பெற்ற பட்டறைகளில் அதே வகை ரப்பரை வைத்து, முறையாகச் சூடும் அழுத்தமும் கொடுத்து ஒட்டுகிறார்கள். வயதாகாத பையில் எங்கோ குத்திய ஓட்டை என்றால் அது நியாயமான செலவு. உங்களுடையது முதுமை. இங்கே ஒட்டினால் அங்கே விடும், பழைய வேட்டியைத் தைப்பது மாதிரி.

முதுமை எப்படி வருகிறது என்பதுதான் சுவாரசியம். ரப்பரை வளைய வைக்க அதில் ஒருவிதக் குழைவுப் பொருள் சேர்த்திருப்பார்கள். எண்ணெய் நாளடைவில் அதை இழுத்துக்கொள்ளும், ஆனால் தானே உள்ளே ஊறி நின்று பையை மெத்தென்று வைத்திருக்கும். டேங்க் காலியாகக் கிடந்தால் என்ன ஆகும்? எண்ணெயும் போய்விடும், குழைவும் ஏற்கெனவே போயாச்சு. பை சுருங்கும், விறைக்கும், வெடிக்கும். ஒரு பங்குக்காரர் சண்டையில் இரண்டு வருஷம் வெயிலில் கிடந்த விமானத்தின் பையை ஒருமுறை இழுத்தேன், மூலை அப்பளம் மாதிரி நொறுங்கி என் கையோடு வந்தது. உள்பக்கம் காய்ந்த சேற்றுக் குட்டை மாதிரி பாளம் பாளமாக வெடிப்பு. முப்பது வருஷம் உழைத்த பையையும் பார்த்திருக்கிறேன், அது வாரா வாரம் பறந்த விமானம், எப்போதும் நிரப்பியே வைத்திருந்தார்கள். நீண்ட நாள் காலியாக வைத்தே ஆகவேண்டும் என்றால் உள்பக்கம் மெல்லிய எஞ்சின் ஆயில் பூசி வைக்கச் சொல்லி தயாரிப்பாளர்களே எழுதியிருக்கிறார்கள், நான் பார்த்தவர்களில் பத்தில் ஒருவர்கூட அதைச் செய்ததில்லை.

இதிலேயே வலது பக்கத்துக்கும் பதில் வந்துவிட்டது. இரண்டு பையும் ஒரே வயது, ஒரே வெயில், ஒரே பட்டினி. இடதை மாற்றிவிட்டு வலதை விட்டால், சாமான்களைக் கட்டி ஏறக்கட்டிய பிறகு எஞ்சினியர் மறுபடியும் அதே வேலைக்கு வருவார், மறுபடியும் விமானம் நிற்கும், அமெரிக்காவிலிருந்து மறுபடியும் ஒரு பெட்டி வரும். சேர்த்தே செய்யுங்கள்.

வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்துகொண்டால் பில்லைப் பார்த்து அதிர்ச்சி வராது. முதலில் எண்ணெயை முழுக்க இறக்குவார்கள், பூமி இணைப்புக் கம்பி மாட்டி, ஹேங்கர் கதவெல்லாம் திறந்து வைத்து. இறக்கையின் மேல்பக்கத்தில் ஒரு தகட்டைக் கழற்றினால் ஒரு துவாரம் தெரியும், நாசி கண்டார் தட்டு அளவு. மொத்த வேலையும் அதன் வழியாகத்தான். தோள்வரை கையை விட்டு, கண்ணுக்குத் தெரியாமல், விரல் நுனியை மட்டும் நம்பி, பையை இறக்கைக் கூரையோடு பிடித்திருக்கும் அமுக்குப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். கன்னத்தை வெயிலில் சுட்ட அலுமினியத் தகட்டில் அழுத்திக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பீர்கள், எனக்கு இன்னும் வலது தோள் மழைக்கு முன்னால் சொல்லிவிடும். பிறகு பையை மடித்து அதே துவாரத்தில் வெளியே உருவ வேண்டும்.

அடுத்து வருவதுதான் முக்கியமான பாகம், பில்லில் ஒரே வரியாக வரும், ஆனால் பாதி நேரம் அதற்குத்தான் போகும். காலியான அறையைச் சுத்தம் செய்வது. பழைய டேப்பின் பிசினைச் சுரண்டி எடுக்க வேண்டும். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் யாரோ ஓட்டை போட்டபோது விழுந்த உலோகச் சுருள் மூலையில் கிடக்கும், அதைப் பொறுக்க வேண்டும். துருப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு ரிவெட் தலையையும், ஒவ்வொரு தகட்டு விளிம்பையும் புது டேப்பால் மூட வேண்டும். நான் கடைசியில் ஒரு பிடி பஞ்சை எடுத்து உள்பக்கம் முழுக்கத் தடவிப் பார்ப்பேன், எங்கேயாவது நூல் சிக்கினால் அங்கே இன்னொரு டேப். பறக்கும்போது இறக்கை நடுங்கிக்கொண்டே இருக்கும், பஞ்சைப் பிடித்த அதே கூர்முனை ஆயிரம் மணி நேரம் பையை உரசும் என்று நினைத்துப் பாருங்கள். புதுப் பை ஆறே மாதத்தில் கசிந்தது என்று சொல்கிறவர்களிடம் இந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள்.

புதுப் பையை உள்ளே விடுவதில் மட்டும் நமக்கு ஓர் அதிர்ஷ்டம். ரப்பர் குளிர்ந்திருந்தால் மடிக்கும்போது வெடித்துவிடும் என்பதால் கனடா மாதிரி ஊர்களில் ஹீட்டர் வைத்துச் சூடாக்குவார்கள். நாம் பெட்டியைப் பிரித்து ஒரு மணி நேரம் ஹேங்கர் வாசலில் விரித்து வைத்தால் போதும், தோசை மாவு மாதிரி இளகிவிடும். உருட்டி, துவாரத்தில் விட்டு, உள்ளே பிரித்து, ஒவ்வொரு பொத்தானையும் மறுபடி அமுக்க வேண்டும். டக் என்று சத்தம் கேட்கவேண்டும், கேட்காவிட்டால் மாட்டவில்லை. அப்புறம் கிளாம்ப், கைப்புத்தகத்தில் சொன்ன முறுக்குக்கு மட்டும், அதிகமாக முறுக்கினால் கழுத்து அறுந்துபோகும். காற்றுச் சோதனைக்கு பலூன் உப்புகிற அளவு காற்று போதும். கம்ப்ரசரை நேரடியாக மாட்டி இறக்கைத் தகட்டையே பிதுக்கிய ஒரு புத்திசாலியை நான் பார்த்ததுண்டு. எல்லாம் முடிந்து கொஞ்சம் எண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி வைத்து, காலையில் அடியில் பார்த்து, பிறகு நிரப்பி, இன்னொரு ராத்திரி. பழகிய கை என்றால் ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள். அவசரப்படுத்தினால் மூன்று நாள்.

கடைசியாகக் காகிதம். பையோடு, அது அங்கீகாரம் பெற்ற பொருள்தான் என்று காட்டும் அமெரிக்க 8130-3 படிவமோ ஐரோப்பிய ஃபார்ம் 1ஓ வருகிறதா என்று பணம் அனுப்புவதற்கு முன்னால் கேளுங்கள், வந்த பிறகு கேட்பதில் பிரயோஜனம் இல்லை. நம் விமானத் துறை ஆணையமான சிஏஏஎம் (2018க்கு முன்னால் டிசிஏ என்று சொல்வோமே, அவர்கள்தான்) லைசென்ஸ் உள்ள எஞ்சினியர் அந்தத் தாள் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டார், போடவும் கூடாது. இணையத்தில் பாதி விலைக்கு "கொஞ்சம்தான் ஓடியது" என்று கிடைக்கும் பைகள் காலியாக எத்தனை வருஷம் கிடந்தவை என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தாய்மாமா வைத்திருப்பதும் பழைய 182தான். பறப்பதற்கு முன்னால் வாலை அழுத்தி மூக்கைத் தூக்குகிறார், பிறகு இறக்கையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுகிறார். கேட்டால் "தண்ணி இறங்கட்டும்" என்கிறார். சாமியாடுவது மாதிரி இருக்கிறது. உண்மையிலேயே பலன் உண்டா, இல்லை பழைய பழக்கமா? — ஒரு மருமகள், கிள்ளான்

பதில்: சிரிக்காதே அம்மா, மாமா விவரமானவர். பை டேங்கில் ஒரு பொத்தான் விட்டுப்போனாலும் அடித்தளம் சரியாகப் படியாது, மடிப்பு விழும். தண்ணீர் லிட்டருக்கு 1 கிலோ, இந்த எண்ணெய் லிட்டருக்கு 0.72 கிலோதான், அதனால் உள்ளே புகுந்த தண்ணீர் எப்போதும் அடியில் போய் உட்காரும். மடிப்பு வரப்பு மாதிரி குறுக்கே நின்றால் தண்ணீர் வடிகால் வால்வுக்கு வந்து சேராது. நீங்கள் கீழே கோப்பையில் பிடித்துப் பார்ப்பீர்கள், சுத்தமாக இருக்கும். ஓடுபாதையில் மூக்கைத் தூக்கியதும் வரப்பைத் தாண்டி மொத்தமும் எஞ்சினுக்குப் போகும். அந்த நேரத்தில் ஒரு தம்ளர் போதும்.

இதனால் எஞ்சின் நின்று விழுந்த விமானங்கள் உண்டு. 1984இல் அமெரிக்காவின் விமானத் துறை அமைப்பான எஃப்ஏஏ, பை டேங்க் வைத்த பழைய செஸ்னாக்களுக்கு ஒரு கட்டாய உத்தரவே போட்டது: மடிப்பைச் சோதி, மூடியைச் சோதி, மடிப்பு இருந்தால் இப்படி ஆட்டி வடி என்று. மூடியும் குற்றவாளிதான். அந்தக் காலத்து மூடி இறக்கையோடு சமமாகப் பதிந்து கிண்ணம் மாதிரி இருக்கும், ரப்பர் வளையம் கெட்டால் மழைத் தண்ணீர் அதில் தேங்கி நேராக உள்ளே இறங்கும். நம் ஊர் மழைக்குக் கேட்கவேண்டுமா? குடை மாதிரி உயர்ந்து நிற்கும் மூடி வந்த பிறகு பாதித் தொல்லை போனது. மாமா எந்த மூடி வைத்திருக்கிறார் என்று பார்.

இன்னொன்று. கோப்பையில் பிடிக்கும்போது அடியில் தண்ணீர் தனியாகத் தெரிகிறதா என்றுதான் எல்லாரும் பார்ப்பார்கள். கோப்பை முழுவதும் தண்ணீராகவே இருந்தால்? கோடே தெரியாது, பளிங்கு மாதிரி இருக்கும், அடடா எவ்வளவு சுத்தம் என்று தோன்றும். வெள்ளை இறக்கைக்கு எதிரே பிடித்து நீலம் தெரிகிறதா என்று பார், முகர்ந்தும் பார்.

கேள்வி: என்னுடையது பைப்பர் செரோக்கி விமானம், பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் நிற்கிறது. இது பை இல்லை, அலுமினியப் பெட்டி. ஓரத்தில் கசிகிறது. உள்ளே ஏதோ திரவம் ஊற்றிக் குலுக்கினால் அடைத்துவிடும் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா? — பினாங்கு வாசகர்

பதில்: வேண்டாம். அந்தத் திரவம் பூச்சாக ஒட்டிக்கொள்ளும், நல்ல பிள்ளை மாதிரி சில வருஷம் இருக்கும், பிறகு தோல் உரிவது மாதிரி உரிந்து எண்ணெய் வெளியேறும் வலைச் சல்லடையை அடைக்கும். கசிகிற டேங்க் கறைதான் வைக்கும், அடைபட்ட டேங்க் எஞ்சினையே நிறுத்திவிடும். ஏற்கெனவே யாராவது ஊற்றியிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள், பழைய விமானங்களில் இருக்கத்தான் இருக்கும்.

செரோக்கியில் ஒரு வசதி, டேங்கே இறக்கையின் முன்பகுதிதான். ஒவ்வொன்றும் 25 அமெரிக்க காலன், சுமார் 95 லிட்டர். சுற்றிலும் இருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றி, குழாயையும் மீட்டர் வயரையும் விடுவித்தால் மொத்தமாக முன்னால் உருவிவிடலாம். மேஜையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்து, தையலைச் சுத்தம் செய்து புதிதாக சீலன்ட் வைக்கலாம், இல்லை மாற்றலாம். 182காரர்கள் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். ஆனால் ஸ்க்ரூ! எஃகு ஸ்க்ரூ, அலுமினியத் தகடு, நடுவில் பாயான் லெப்பாஸ் கடல் காற்று, முப்பது நாற்பது வருஷம். இரண்டும் கல்யாணம் கட்டிக்கொண்டிருக்கும். மூன்று நாள் முன்னாலிருந்தே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள், தலை தேய்ந்தவற்றைத் துளைத்து எடுக்கப் பொறுமையான ஆளாகப் பாருங்கள், மாட்டும்போது எல்லாமே புது ஸ்க்ரூ. பழையதைக் கழுவிப் போடுகிறவரிடம் விமானத்தை விடாதீர்கள்.

கேள்வி: காருக்கு ஊற்றும் ரோன் 97 பெட்ரோலை விமானத்துக்கு ஊற்றலாமா? விலை பாதிகூட இல்லையே. — பெயர் வேண்டாம்

பதில்: பெயர் வேண்டாம் என்றதிலேயே பதில் தெரிகிறது. உங்கள் விமானத்துக்கும் எஞ்சினுக்கும் அதற்கென்று தனி அனுமதிப் பத்திரம் இருந்தால் ஒழிய கூடாது. அப்படிப்பட்ட பத்திரங்கள் 1982இல் செஸ்னா 150இலிருந்து அமெரிக்காவில் இருக்கின்றன, ஆனால் எல்லா எஞ்சினுக்கும் இல்லை. நம் வெயிலில் கார் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிக் குமிழ் கட்டும் ஆபத்தும் உண்டு.

கேள்வி: போன மாதம் 182இல் இரண்டு பையும் மாற்றினோம். அதற்குப் பிறகு ஈப்போ போய்வந்தோம், இடது மீட்டர் முள் வழி முழுக்க "முழு"விலேயே நின்றது. புது டேங்க் என்பதால் மீட்டரும் நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டோம். இறங்கி அளந்தால் பாதிகூட இல்லை. — சுபாங் பைலட்

பதில்: சந்தோஷப்பட வேண்டிய விஷயமா இது? முள் அசையாமல் நின்றால் பயப்பட வேண்டும். மிதவைக் கம்பி பையில் சிக்கியிருக்கலாம், மாட்டும்போது வளைந்திருக்கலாம், வயரின் பூமி இணைப்பு சரியில்லாமல் இருக்கலாம். ஆனால் நான் முதலில் பார்க்கும் இடம் மீட்டர் இல்லை, காற்றுக் குழாய். இடது இறக்கைக்கு அடியில் ஸ்ட்ரட்டுக்கு (இறக்கையைத் தாங்கும் சாய்வுத் தண்டுக்கு) பின்னால் வளைந்த சின்னக் குழாய் ஒன்று இருக்கும். எண்ணெய் குறையக் குறைய அதன் வழியாகத்தான் காற்று உள்ளே போகவேண்டும். அது அடைபட்டால் எஞ்சின் எண்ணெயை உறிஞ்ச உறிஞ்ச, பை வெறும் தகரம் இல்லையே, பாக்கெட் பானத்தை உறிஞ்சினால் ஒட்டுவது மாதிரி உள்ளே ஒட்டும். அடித்தளம் மேலே எழும்பி மிதவையைத் தூக்கிப் பிடிக்கும். மீட்டர் முழு என்று சொல்லும், டேங்க் காலியாகிக்கொண்டே வரும். பொத்தான்கள் பிடுங்கிக்கொள்ளும், புதுப் பை பாழ்.

எதனால் அடைபடும் என்கிறீர்களா? விமானம் மாதக்கணக்கில் ஹேங்கரில் நின்றதா? குளவி. நம் வீட்டுச் சுவரில் மண் கூடு கட்டுமே, அதே குளவிக்கு அந்தக் குழாய் அளவெடுத்துச் செய்த வீடு. ஒரு விமானத்தில் நான் கம்பியை விட்டுக் குத்தியபோது ஒரு விரல் நீளத்துக்குக் காய்ந்த மண் உருளையாக வந்து விழுந்தது, உள்ளே பச்சைப் புழு உயிரோடு நெளிந்தது. வேலை நடக்கும்போது குழாய் வாயில் ஒட்டிய டேப்பை எடுக்க மறப்பதும் உண்டு. முதலில் அதைப் பாருங்கள், காரணம் தெரியும்வரை தரையிலேயே இருக்கட்டும்.

டேங்க் மாற்றினால் மீட்டரை மறுபடி அளந்து சரிபார்த்தே ஆகவேண்டும், உங்கள் எஞ்சினியர் செய்தாரா என்று பதிவேட்டில் பாருங்கள். இறக்கையை மட்டமாக நிறுத்தி, காலி டேங்கில் அளந்து அளந்து ஊற்றி, ஒவ்வொரு அளவிலும் முள் எங்கே நிற்கிறது, அளவுக்குச்சியில் எங்கே நனைகிறது என்று குறிக்க வேண்டும். பழைய குச்சியைப் புது டேங்குக்கு நம்பாதீர்கள். எந்த காலன் என்பதையும் கவனியுங்கள். தோட்டத்தில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு காலன் என்றால் பிரிட்டிஷ் காலன், 4.5 லிட்டருக்குச் சற்று மேல். செஸ்னாவின் மீட்டர் சொல்வது அமெரிக்க காலன், 3.785 லிட்டர். எண்ணெய் லாரி அளப்பது லிட்டர். கனடாவில் 1983இல் ஒரு பெரிய போயிங் 767, எண்ணெய்க் கணக்கில் கிலோவுக்குப் பதில் பவுண்டைப் போட்டதால் நடுவானில் இரண்டு எஞ்சினும் நின்று, கிம்லி என்ற ஊரின் பழைய விமானத்தளத்தில் மிதந்தபடியே வந்து இறங்கியது. எல்லாரும் பிழைத்தார்கள், பைலட்டுக்கு கிளைடர் ஓட்டிய பழக்கம் இருந்தது. உங்களுக்கு இருக்கிறதா?

கேள்வி: வணக்கம் ஐயா. என் மகன் விமானப் பராமரிப்புப் படித்துவிட்டு ஹேங்கரில் பயிற்சியில் இருக்கிறான். டேங்குக்குள் கை விட்டு வேலை செய்வதாகச் சொல்கிறான். சட்டையெல்லாம் எண்ணெய் வாடை. உடம்புக்கு ஆகுமா? — ஒரு தாய், ராவாங்

பதில்: உங்கள் பயம் நியாயமானது அம்மா. இந்த எண்ணெயில் ஈயம் இருக்கிறது, லிட்டருக்கு 0.56 கிராம் வரை அனுமதி. எங்கள் காலத்தில் வெறுங்கையால் செய்தோம், அந்த எண்ணெயிலேயே கையைக் கழுவினோம், யாரும் சொல்லித்தரவில்லை. மகனிடம் சொல்லுங்கள்: நைட்ரைல் கையுறை போடட்டும், கிழிந்தால் உடனே மாற்றட்டும், கையை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கட்டும். வேலைச் சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் தனியாக. தலை சுற்றினால் வெட்கப்படாமல் வெளியே வந்துவிடவேண்டும். நாளைக்கு பெரிய விமானத்துக்குப் போனால் டேங்குக்குள் ஆளே நுழைந்து வேலை செய்யவேண்டி வரும். அப்போது உள்ளே காற்றை அளக்காமல், வெளியே ஒருவர் காவல் நிற்காமல் நுழையக்கூடாது, யார் அவசரப்படுத்தினாலும். மற்றபடி நல்ல தொழில், விடாமல் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எண்ணெயை ஏன் இறக்கையில் வைக்கிறார்கள்? நடுவில் வைத்தால் பத்திரம்தானே? — ஐந்தாம் ஆண்டு மாணவி, ஜார்ஜ் டவுன்

பதில்: நல்ல கேள்வி கண்ணு. நடுவில் ஆட்களும் பெட்டிகளும் உட்கார வேண்டும், இறக்கையோ உள்ளே வெற்றிடம். ஆனால் பெரிய காரணம் வேறு. பறக்கும்போது காற்று இறக்கையை மேலே தூக்குகிறது, உடம்பு கீழே இழுக்கிறது, அதனால் இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் முறியப் பார்க்கும். எண்ணெயின் கனம் இறக்கையிலேயே இருந்தால் அது இறக்கையைக் கீழே அழுத்தி, அந்த வளைவைக் குறைக்கும். இதனால்தான் பெரிய ஜெட்களில் நடு டேங்கிலும் எண்ணெய் இருந்தால் அதை முதலில் தீர்த்துவிட்டு, இறக்கை எண்ணெயைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார்கள். எப்போதாவது விமானத்தில் ஜன்னல் ஓர இடம் கிடைத்தால், பாயான் லெப்பாஸில் ஓடத் தொடங்கும்போது இறக்கை நுனி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள், மேலே எழும்பியதும் மறுபடி பார்.